நாளிதழ்களும் தற்கொலைச் செய்தியும்: எழுதும் விதம் ஏன் உயிர்களைத் தொடுகிறது?

தமிழ் நாளிதழ்களைத் தொடர்ந்து படிப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பார்கள். தற்கொலைச் செய்தியின் அடியில் கட்டம் கட்டி உதவி எண்கள் தரப்படுகின்றன. சில இதழ்கள், இறந்தவர் எந்த வழியில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமலே செய்தியை முடித்துவிடுகின்றன. அதே மரணம் வேறோர் இதழின் மாவட்டப் பக்கத்தில் நேரம், இடம், பயன்படுத்திய பொருள், சிக்கிய கடிதம் என்று ஒன்று விடாமல் வந்திருக்கும்.

இரண்டையும் பார்க்கும் வாசகருக்குக் குழப்பம் வருவது இயல்பு. விவரத்தை மறைப்பது தணிக்கை ஆகாதா? நான்கு வரிச் செய்தியைப் படித்துவிட்டு யாராவது உயிரை விடுவார்களா? நடந்ததை நடந்தபடி எழுதுவதுதானே செய்தியாளரின் வேலை?

இவை 180 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்விகள். மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் சமூகவியலாளர்களும் இவற்றுக்காகத் தங்களுக்குள் கடுமையாக மோதியிருக்கிறார்கள். அந்த மோதலில் மிஞ்சி நிற்கும் முடிவு இது: தற்கொலை பற்றிச் செய்தி வெளியாவதை விட, அது எந்த வடிவில் வெளியாகிறது என்பதற்கே அடுத்தடுத்த மரணங்களோடு தொடர்பு அதிகம். இந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

செய்தியின் வடிவம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் அச்சு உரிமச் சட்டம் 1695இல் காலாவதியானது. அதன் பிறகு லண்டனில் இதழ்கள் பெருகின. தற்கொலை அங்கே பாவம் மட்டுமல்லாமல் குற்றமாகவும் இருந்தது. இறந்தவர் சித்தசுவாதீனத்தோடு அதைச் செய்தார் என்று முடிவானால் அவருடைய சொத்து அரசுக்குப் போய்விடும். உடலை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கமும் இருந்தது. அந்த வழக்கம் 1823இல்தான் சட்டப்படி ஒழிந்தது. சொத்துப் பறிப்பு 1870 வரை சட்டத்தில் இருந்தது. ஆகவே இத்தகைய ஒவ்வொரு மரணத்துக்கும் மரண விசாரணை அதிகாரி ஜூரிகளை வைத்துப் பொது விசாரணை நடத்தினார். உடலை முதலில் பார்த்தவர் யார், என்ன நிலையில் பார்த்தார், இறந்தவர் முதல் நாள் என்ன பேசினார், கடிதம் ஏதும் எழுதி வைத்தாரா என்று சாட்சிகளிடம் கேட்பார்கள். கடிதம் இருந்தால் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படும்.

மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த செய்தியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆரம்பம், நடு, முடிவு உள்ள கதை அப்படியே கையில் கிடைத்தது. கடிதங்களை இதழ்கள் முழுமையாக அச்சிட்டன. 1855இல் செய்தித்தாள் முத்திரை வரி நீக்கப்பட்டதும் விலை குறைந்தது, வாசகர் கூட்டம் பெருகியது. 1864இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் போலீஸ் நியூஸ்' போன்ற வார இதழ்கள் மரணக் காட்சியைப் படமாக வரைந்தே முதல் பக்கத்தில் போட்டன.

'உடலைக் கண்டவர், இறந்த வழி, கடிதம், காரணம்' என்ற வரிசை இப்படித்தான் உருவானது. சட்டம் கேட்ட கேள்விகளே செய்தியின் எலும்புக்கூடாகிவிட்டன.

தமிழ்நாட்டிலும் நிலைமை வேறில்லை. இயற்கைக்கு மாறான மரணம் நேர்ந்தால் காவல்துறை விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு சொன்னது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. மாவட்டச் செய்தியாளருக்குத் தற்கொலைச் செய்தி பெரும்பாலும் காவல் நிலையத்திலிருந்துதான் வருகிறது. எந்த வழியில் மரணம், என்ன காரணம் என்ற இரண்டும் காவலருக்குத் தேவை, அதனால் பதிவு செய்கிறார். செய்தியாளர் அதைத் தலைப்பாக்குகிறார். 'தீராத வயிற்று வலியால் வாழ்க்கையில் விரக்தி' என்ற வரியைத் தமிழ் வாசகர்கள் எத்தனை முறை படித்திருப்பார்கள்! தற்கொலை முயற்சியே குற்றமாக இருந்த நாட்டில், வழக்குக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சிய குடும்பம், யாரையும் சிக்க வைக்காத ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். அது காவல்துறைப் பதிவில் ஏறி, மறுநாள் அச்சில் உண்மையாகிவிடுகிறது.

1841: ஒரு புள்ளியியலாளரின் எச்சரிக்கை

வில்லியம் ஃபார் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் பணியாற்றியவர். நாடு முழுவதும் யார் எதனால் இறந்தார்கள் என்று அட்டவணை போடும் வேலையில் தோய்ந்தவர். 1841இல் அவர் எழுதியதன் சாரம் இது: தற்கொலை பல வேளைகளில் பிறரைப் பார்த்துச் செய்யப்படுகிறது என்பது அறிவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஒரே ஒரு பத்திச் செய்தி இருபது பேருக்கு அந்த எண்ணத்தைத் தந்துவிடக்கூடும். காய்ச்சலால் இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதாத இதழ்கள் தற்கொலையை மட்டும் ஏன் அவ்வளவு விரிவாக எழுத வேண்டும்? நாடக பாணியில் இவற்றை விவரிப்பதை இதழாசிரியர்கள் தங்களுக்குள் பேசி நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

ஃபார் அரசாங்கத் தடை கேட்கவில்லை. ஆசிரியர்களின் மனமுவந்த ஒப்பந்தத்தைத்தான் கேட்டார். இந்த விஷயத்தில் பின்னாளில் பலன் தந்ததும் அந்த வழியே. அவர் சொல்லி ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, வேறொரு நாட்டில் அது நடந்தது.

இடையில் வந்த மறுப்பு

'வெர்த்தர் விளைவு' என்ற சொல்லை இந்த விவாதத்தில் அடிக்கடி கேட்கலாம். ஜெர்மன் எழுத்தாளர் கதே 1774இல் வெளியிட்ட நாவலின் நாயகன் பெயர் வெர்த்தர். காதல் கைகூடாத அவன் கதை முடிவில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அதைப் படித்த இளைஞர்கள் அவனைப் போலவே உடுத்தார்கள், சிலர் அவனைப் போலவே இறந்தார்கள் என்ற பேச்சு ஐரோப்பா முழுதும் பரவியது. லைப்சிக் நகரில் நாவலுக்குத் தடையும் வந்தது. எத்தனை பேர் உண்மையில் அப்படி இறந்தார்கள் என்பதற்கு அக்காலத்தில் கணக்கெடுப்பு கிடையாது. அன்றைய சான்று வெறும் பேச்சும் அச்சமும்தான் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் இரு சமூகவியலாளர்கள் எதிரெதிராக நின்றார்கள். சமூக வாழ்வே பார்த்துச் செய்தலால் ஆனது என்றார் கேப்ரியல் தார்த். 1897இல் தற்கொலை பற்றிய தம் ஆய்வை வெளியிட்ட எமில் துர்க்கைம் அதை மறுத்தார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் இறப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கலாம். அப்படி இறப்பவர் எப்படியும் அந்த முடிவுக்கு வந்திருப்பார், சற்று முந்துகிறது, அவ்வளவே. ஒரு நாட்டின் தற்கொலை விகிதத்தைத் தீர்மானிப்பது சமூகப் பிணைப்பின் வலிமையே என்பது அவர் வாதம். துர்க்கைமின் செல்வாக்கு மிகப் பெரியது. அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு நாளிதழ்கள் பற்றிய கேள்வி பின்தள்ளப்பட்டது.

1974: கணக்கு எப்படிப் போடப்பட்டது?

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்தார். 'வெர்த்தர் விளைவு' என்ற பெயரை வைத்தவரும் அவரே. அவருடைய முறை எளிமையானது.

1. 1947 முதல் 1968 வரை 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வந்த தற்கொலைச் செய்திகளைத் திரட்டினார்.
2. செய்தி வந்ததை ஒட்டிய மாதத்தில் நாட்டில் எத்தனை தற்கொலைகள் பதிவாயின என்று எடுத்தார்.
3. அந்த மாதத்தில் 'வழக்கமாக' எத்தனை எதிர்பார்க்கலாம் என்பதற்கு, முந்திய ஆண்டின் அதே மாதத்தையும் பிந்திய ஆண்டின் அதே மாதத்தையும் சராசரியாக்கினார். பருவத்தோடு தற்கொலை எண்ணிக்கை ஏறி இறங்கும் என்பதால் இந்த ஏற்பாடு.
4. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தார்.

பெரும்பாலான செய்திகளுக்குப் பிறகு எண்ணிக்கை ஏறியிருந்தது. செய்தி எத்தனை நாள் முதல் பக்கத்தில் நீடித்ததோ அந்த அளவுக்கு ஏற்றமும் கூடியது. செய்தி அதிகம் பரவிய பகுதிகளில் ஏற்றம் அதிகம். நடிகை மர்லின் மன்றோ 1962 ஆகஸ்டில் இறந்த பிறகு அமெரிக்காவில் தற்கொலைகள் ஏறக்குறைய 12 விழுக்காடும், இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 10 விழுக்காடும் கூடின.

இதற்கு எழுந்த எதிர்ப்புகள் வலுவானவை. அவற்றைத் தாண்டி வந்ததால்தான் இந்த முடிவுக்கு மதிப்பு.

1. 'எப்படியும் இறந்திருப்பவர்கள் சற்று முந்திக்கொண்டார்கள்.' துர்க்கைமின் வாதம் இது. அப்படியானால் ஏற்றத்துக்கு அடுத்து அதே அளவு இறக்கம் தெரிய வேண்டும். பிலிப்ஸ் தேடினார், அப்படி இறக்கம் இல்லை. கூடுதல் மரணங்கள் உண்மையிலேயே கூடுதல் மரணங்கள்.
2. 'செய்தி வந்த பரபரப்பில், விபத்து என்று எழுத வேண்டியதை அதிகாரிகள் தற்கொலை என்று எழுதியிருப்பார்கள்.' அப்படியானால் விபத்து முதலிய பிற வகைகள் குறைந்திருக்க வேண்டும். அவை குறையவில்லை.
3. 'எல்லாச் செய்திக்கும் இது பொருந்தாது.' இந்த எதிர்ப்பு நின்றது. பிரபலங்களின் மரணத்துக்குப் பிறகே ஏற்றம் தெளிவாக இருக்கிறது என்று ஐரா வாசர்மன் 1984இல் காட்டினார்.
4. 'இறந்தவர்கள் அந்தச் செய்தியைப் படித்தார்களா?' நாட்டளவிலான எண்ணிக்கையைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது.

நான்காவது கேள்வியை மேடலின் கூல்டும் சக ஆய்வாளர்களும் வேறு கோணத்தில் அணுகினார்கள். 1988க்கும் 1996க்கும் இடையே அமெரிக்காவில் இளவயதினர் அடுத்தடுத்து இறந்த 48 ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு மரணத்தோடு நின்றுபோன, மற்றபடி ஒத்த ஊர்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். முதல் மரணம் பற்றி உள்ளூர் நாளிதழ்கள் எப்படி எழுதின என்று பார்த்தார்கள். தொடர் மரணங்கள் நேர்ந்த ஊர்களில் செய்திகள் எண்ணிக்கையில் அதிகம்; முதல் பக்கத்தில் வந்தவை அதிகம்; மரணத்தை நுணுக்கமாக விவரித்தவை அதிகம். 2014இல் வெளியான இந்த ஆய்வை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். எழுதும் விதத்தில் உள்ள வேறுபாடு, ஊர்களின் கதியில் உள்ள வேறுபாட்டோடு சேர்ந்தே வருவதை அது காட்டியது.

நாளிதழே வராவிட்டால்?

ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் தலைகீழாக யோசித்தார். வேலைநிறுத்தத்தால் நாளிதழ்கள் வெளிவராத காலத்தில் தற்கொலை குறைகிறதா? 1967இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வு ஏழு அமெரிக்க நகரங்களைப் பார்த்தது. தெளிவான குறைவு இல்லை. பிறகு டெட்ராய்ட் நகரில் 1967 நவம்பரில் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்தை ஆராய்ந்தார். அங்கே பெண்களிடையே தற்கொலை குறைந்திருந்தது, ஆண்களிடையே அப்படித் தெரியவில்லை. கலவையான சான்று. நாளிதழை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்ல இதில் இடமில்லை.

வியன்னா, 1987

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் சுரங்க ரயில் 1978இல் ஓடத் தொடங்கியது. 1980களின் நடுவில் ரயில் நிலையங்களில் தற்கொலைகளும் முயற்சிகளும் திடீரென ஏறின. ஒவ்வொன்றையும் நகரின் நாளிதழ்கள் பெரிய தலைப்போடும் புகைப்படத்தோடும் வெளியிட்டன. கெர்னோட் சோனெக், எல்மார் எட்சர்ஸ்டார்ஃபர் ஆகிய மருத்துவர்களும் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தின் மற்றவர்களும் 1987இல் பத்திரிகைகளுக்கு ஒரு வழிகாட்டி தயாரித்து, ஆசிரியர்களிடம் நேரில் பேசினார்கள்.

'எழுதாதீர்கள்' என்று அந்த வழிகாட்டி சொல்லவில்லை. எவையெல்லாம் செய்தியின் தூண்டும் தன்மையைக் கூட்டக்கூடும் என்று விளக்கியது: இறந்த வழியின் விவரங்கள், மரணத்தைக் காவியமாக்கும் நடை, 'தேர்வில் தோற்றதால்' என்பது போன்ற ஒற்றைக் காரணம், முதல் பக்கம், தலைப்பிலேயே 'தற்கொலை' என்ற சொல், புகைப்படம். எவை அதைக் குறைக்கும் என்றும் சொன்னது: நெருக்கடியில் இருந்த ஒருவருக்கு வேறு என்ன வழிகள் இருந்தன என்பது, அதே நெருக்கடியைக் கடந்து வந்தவர்கள் பற்றிய செய்தி, உதவி கிடைக்கும் இடம்.

நாளிதழ்கள் ஒத்துழைத்தன. பரபரப்புச் செய்திகள் நின்றன. சில மரணங்கள் உள்பக்கத்தில் சிறு செய்தியாக வந்தன, சில வரவே இல்லை. 1987இன் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. தொடர்ந்த ஆண்டுகளிலும் அந்த எண்ணிக்கை தாழ்ந்தே இருந்தது.

அந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வேறெங்கோ இறந்திருப்பார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் வியன்னாவின் மொத்தத் தற்கொலைகளும், சற்றுக் குறைந்த அளவில், இறங்கவே செய்தன. ஒரே நகரத்தின் முன்னும் பின்னும் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 2007இல் நாடு முழுவதற்குமான ஆய்வு வந்தது. தாமஸ் நீடர்க்ரோட்டென்தாலரும் சோனெக்கும் நடத்திய அந்த ஆய்வின் மதிப்பீட்டில், வழிகாட்டி வந்த பிறகு ஆஸ்திரியாவில் ஆண்டுக்கு 81 தற்கொலைகள் குறைந்தன. ஒத்துழைத்த இதழ்கள் அதிகம் விற்ற பகுதிகளில் குறைவு தெளிவாகத் தெரிந்தது.

ஆண்டுக்கு 81 பேர். இதற்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு சட்டம் போடப்படவில்லை. செய்தி அறைகளில் சிலர் எழுதும் முறையை மாற்றிக்கொண்டார்கள்.

எது ஆபத்து, எது அவ்வளவு ஆபத்தில்லை?

இதுவரையான ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஒரு பெரும் அலசல் இரண்டு எண்களைத் தருகிறது. பிரபலம் ஒருவரின் தற்கொலை பற்றிய செய்திகளுக்குப் பிறகு வரும் ஓரிரு மாதங்களில் தற்கொலைகள் சராசரியாக 13 விழுக்காடு கூடுகின்றன. அவர் இறந்த வழியும் வெளியிடப்பட்டால், அதே வழியிலான மரணங்கள் 30 விழுக்காடு கூடுகின்றன. பிரபலம் அல்லாதவர்களைப் பற்றிய பொதுவான செய்திகளுக்கு இப்படித் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆயினும் சில வகைச் செய்திகளால் பாதிப்பு இருக்கலாம் என்பதை அந்த அலசல் ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்க நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபோது அடுத்த ஐந்து மாதங்களில் எதிர்பார்த்ததைவிட 1,841 பேர் அதிகமாக இறந்தார்கள். ஏறக்குறைய 10 விழுக்காடு.

வழியைச் சொல்வது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹாங்காங் சான்று. 1998 நவம்பரில் அங்கே ஒருவர், அதுவரை அந்நகரில் அறியப்படாத ஒரு வழியில் இறந்தார். நாளிதழ்கள் படங்களோடு விளக்கின. இரண்டு மாதத்துக்குள் அது நகரின் தற்கொலைகளில் மூன்றாவது பரவலான வழியாகிவிட்டது. பிறகு அண்டை நாடுகளுக்கும் சென்றது. அந்த வழி எது என்பது இந்த விளக்கத்துக்குத் தேவையில்லை, ஆகவே எழுதவில்லை. பெரும்பாலான செய்திகளுக்கும் அது தேவையில்லை.

உள்ளே என்ன நடக்கிறது? மனநல மருத்துவர்கள் முதலில் சொல்வது, தற்கொலை எண்ணம் கொண்டவர் பெரும்பாலும் இருமனத்தோடுதான் இருக்கிறார் என்பது. வலி நிற்க வேண்டும் என்று விரும்புகிறார்; வாழவும் விரும்புகிறார். கடும் நெருக்கடி பல நேரங்களில் சில மணி நேரமோ சில நாளோ நீடித்துத் தணிகிறது. அந்த இடைவெளியில் அவர் கண்ணில் படும் செய்தி, தம்மைப் போன்ற வயது, தம்மைப் போன்ற துயரம் உள்ள ஒருவர் 'இதைச் செய்தார், இப்படிச் செய்தார், செய்தபின் ஊரே அவருக்காக அழுதது' என்று சொன்னால், தராசு ஒரு பக்கம் சாய்கிறது. இன்னொரு பக்கம் சாய்க்கவும் செய்திக்குச் சக்தி உண்டு.

பாப்பகேனோ விளைவு

மோட்சார்ட்டின் 'மாயக் குழல்' என்ற இசை நாடகம் 1791இல் வியன்னாவில் அரங்கேறியது. அதில் வரும் பறவை பிடிப்பவன் பாப்பகேனோ, காதலியை இழந்துவிட்டதாக நினைத்து உயிரை விடத் துணிகிறான். மூன்று சிறுவர்கள் வந்து அவனிடம் இருக்கும் மந்திர மணிகளை ஒலிக்கும்படி நினைவூட்டுகிறார்கள், அவன் பிழைக்கிறான். 2010இல் நீடர்க்ரோட்டென்தாலர் குழு, 2005இன் முதல் ஆறு மாதங்களில் ஆஸ்திரிய அச்சு ஊடகங்களில் வந்த 497 செய்திகளை வகைப்படுத்தியது. தற்கொலை எண்ணம் வந்தும் அதைச் செயலாக்காமல் நெருக்கடியைக் கடந்தவர்கள் பற்றிய செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் குறைந்திருந்தன. அதற்குத்தான் இந்தப் பெயர்.

1994இல் சியாட்டில் நகரில் பாடகர் கர்ட் கோபேன் இறந்தபோதும் இதன் சாயலைப் பார்க்கலாம். அவ்வளவு புகழ் பெற்ற இளைஞர், அவர் வாழ்ந்த நகர், பதற்றத்தில் ரசிகர்கள். பெரும் ஏற்றத்தை எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு: அந்தப் பகுதியில் தற்கொலைகள் கூடவில்லை, உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. அவருடைய இசையைப் போற்றிய செய்திகள் அவர் இறந்த விதத்தைப் போற்றாமல் பிரித்து வைத்ததும், உதவி எங்கே கிடைக்கும் என்பது உடனுக்குடன் பரப்பப்பட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

விதிகளும் தமிழ்நாட்டு நடைமுறையும்

உலக சுகாதார நிறுவனம் 2000இல் ஊடகங்களுக்கான கையேட்டை வெளியிட்டது. கடைசியாக 2023இல் புதுப்பித்தது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019 செப்டம்பரில் அதை ஒட்டி வழிகாட்டுதல்களை ஏற்றுக்கொண்டது. முக்கிய இடத்தில் போடக் கூடாது, திரும்பத் திரும்ப வெளியிடக் கூடாது, வழியையும் இடத்தையும் விவரிக்கக் கூடாது, பரபரப்புத் தலைப்பு கூடாது, படமோ காணொளியோ கூடாது என்பவை அதன் சாரம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, மனநல மையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகம் வெளியிட முடியாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் முயற்சி மட்டுமே குற்றமாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் ஏறக்குறைய 19,800 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. மகாராஷ்டிராவுக்கு அடுத்த எண்ணிக்கை இது. இங்கே நாளிதழ்கள் எப்படி எழுதுகின்றன என்பதை அளந்த ஆய்வும் உண்டு. 2016 ஜூன் முதல் டிசம்பர் வரை மாநிலத்தின் ஒன்பது முக்கிய நாளிதழ்களில் 1,681 தற்கொலைச் செய்திகள் வந்தன. அவற்றில் 43 விழுக்காடு, இறந்த வழியை விரிவாகச் சொன்னது. உதவி மையத்தின் தொடர்பு எண்ணைத் தந்தவை 2.5 விழுக்காடு. உயிரைக் காக்கக்கூடிய ஒரே ஒரு வரிக்கு நாற்பது செய்திகளில் ஒன்றில்தான் இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். துயரம் தாங்காமல் இறந்த தொண்டர்கள் என்ற பட்டியல்கள் வெளியாயின, கட்சி அவர்கள் குடும்பங்களுக்கு நிதி உதவி அறிவித்தது. தலைவர் மீதான அன்பின் உச்சமாக மரணத்தைக் காட்டும் இந்த மரபை, காவியமாக்கும் நடைக்கு நம் மண்ணின் மிகப் பழகிப்போன எடுத்துக்காட்டு என்றே சொல்வேன்.

மௌனம் தீர்வாகாத இடங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் இந்தியாவில் ஒரு சிக்கல் எழும். வரதட்சணைக் கொடுமையில் இறந்த பெண், விடுதியில் சாதிய இழிவுக்கு ஆளான மாணவர், கந்துவட்டியில் நசுங்கிய குடும்பம், காவலில் இறந்த கைதி ஆகியோர் பற்றி எழுதாமல் விட்டால் லாபம் யாருக்கு? கொலையைத் தற்கொலை என்று கதை கட்டுவதும் இங்கே நடக்கிறது. 'தற்கொலை' என்ற காவல்துறையின் சொல்லைக் கேள்வி கேட்பது பத்திரிகையின் கடமை. அப்படிக் கேட்கும்போது மரணம் நேர்ந்த விதத்தைத் தொடாமல் இருக்க முடியாது.

இதற்கு என் பார்வையில் வழி இருக்கிறது. சந்தேகம் உள்ள மரணத்தில், எந்தத் தகவல் காவல்துறையின் கூற்றோடு முரண்படுகிறதோ அதை மட்டும், அது ஏன் முக்கியம் என்ற விளக்கத்தோடு எழுதலாம். மற்ற விவரங்கள் நீதிமன்றத்துக்குப் போதும். கொடுமை செய்தவர்களைப் பற்றியும் புகாரைத் தட்டிக் கழித்த அலுவலகத்தைப் பற்றியும் எத்தனை பத்தி வேண்டுமானாலும் எழுதலாம். அதற்கு எந்த வழிகாட்டியும் குறுக்கே நிற்கவில்லை. மரணத்தின் காட்சியைக் குறைத்து, மரணத்துக்கு முந்திய அநீதியை விரித்தால் செய்தி கூர்மையாகுமே தவிர மழுங்காது.

தேர்வு முடிவு நாட்களை எடுத்துக்கொள்ளலாம். 'தேர்வில் தோல்வி: மாணவி விபரீத முடிவு' என்ற தலைப்பு, அன்று காலை அதே முடிவைப் பார்த்த இன்னொரு பிள்ளையிடம், தோல்விக்கு அடுத்தது இதுதான் என்று சொல்கிறது. ஒரு மரணத்துக்குப் பின்னால் மனச்சோர்வு, வீட்டு நெருக்கடி, உறவு முறிவு, உதவி கிடைக்காமை எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். தலைப்பு ஒன்றை மட்டும் பிடுங்கி எடுத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பொதுத் தேர்வில் தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் துணைத் தேர்வு எழுதலாம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, எந்த அலுவலகத்தை அணுக வேண்டும், சென்ற முறை துணைத் தேர்வில் தேறி இன்று கல்லூரியில் படிப்பவர் என்ன சொல்கிறார் என்பவை அன்றைய முதல் பக்கத்துக்குத் தகுதியான செய்திகள். வியன்னா வழிகாட்டி 'வேறு வழிகள்' என்று குறித்தது இதைத்தான்.

இன்று பெரும்பாலோர் செய்தியைக் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். அச்சில் ஒரு நாளோடு மறையும் செய்தி, திரையில் தேடினால் ஆண்டுகள் கழித்தும் வருகிறது. ஒன்றைப் படித்தவருக்கு அதே போன்ற இன்னொன்றைத் தளமே எடுத்து நீட்டுகிறது. யூடியூப் சேனல்கள் பலவற்றுக்கு ஆசிரியர் குழுவே கிடையாது. 1987இல் வியன்னா மருத்துவர்கள் சில ஆசிரியர்களிடம் பேசினால் போதுமானதாக இருந்தது. இப்போது பகிர்பவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் ஆசிரியராக இருப்பதால், கடிதத்தின் படத்தையும் கடைசிக் காணொளியையும் பகிராமல் இருக்கும் பொறுப்பு அவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்து சேர்கிறது.

உதவி எண்கள்

தற்கொலை எண்ணத்தால் தவிப்பவர்களும், அப்படித் தவிக்கும் ஒருவரைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் அழைக்கலாம்: மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.